சாமிக்கு எழுதிய பெயர்ப்பட்டியல்

அண்ணன் பூசான் துறைமுகத்திலிருந்து எங்கள் தீவுக்கு வந்த ஒன்பதாம் நாள் காய்ச்சலில் படுத்தான். அது எழுபத்து நான்காம் வருஷம், அக்டோபர் மாதம். முந்தைய எட்டு நாளும் எங்கள் வீட்டில் ஆள் நடமாட்டம் ஓயவில்லை. கடல் கல்லூரியில் படித்து முடித்து, கப்பல் கம்பெனித் தேர்விலும் தேறியிருந்தான். மூன்றாம் அதிகாரி வேலை. ஜனவரியில் கப்பல் ஏற வேண்டும். பின்னணி விசாரணை ஒன்றுதான் பாக்கி. எங்கள் ஊர்ப் போலீஸ் சாவடியிலிருந்து, இந்தக் குடும்பத்தில் சிவப்பு ஆள் யாரும் இல்லை என்று ஒரு தாள் மேலிடத்துக்குப் போனால் போதும்.

அம்மாவோடு கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்கள் ஈரத்தலையோடு முற்றத்தில் வந்து உட்கார்ந்து அவனைக் கேலி செய்வார்கள்.

"வொன்சிக், கப்பல் மேல நின்னு பாக்கறப்போ கீழ எங்க தலை தெரிஞ்சா ஹாரன் அடிப்பியா?"

"அடிக்கறேன் சம்சுன். நீங்க பயந்து வாயைத் தொறந்துடாதீங்க, தண்ணி உள்ள போயிடும்."

"அவ வாயா? அது தண்ணிக்குள்ளயே மூடினதில்ல."

எங்கள் தீவில் ஆணோ பெண்ணோ, மூத்தவர் யாரானாலும் சம்சுன்தான். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பதினாறு வயது. நானும் இரண்டு வருஷமாக அம்மாவோடு மூழ்கப் போய்க்கொண்டிருந்தேன். கடலுக்குள் யாரும் பேசச் சொல்லமாட்டார்கள் என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

பள்ளியை விட்டதற்குக் காரணம் அண்ணன் படிப்புச் செலவு என்று ஊரில் சொல்லிக்கொண்டோம். அது பாதிதான். எட்டாம் வகுப்பில் கம்யூனிச எதிர்ப்புக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். மலையிலிருந்து இறங்கி வந்த சிவப்புக்காரர்கள் ஊரை எரித்தது பற்றி வாத்தியார் சொன்னதையெல்லாம் அழகாக எழுதி முதல் பரிசு வாங்கினேன். மேடையில் ஏறி வாசிக்கச் சொன்னார்கள். எழுநூறு பேர் முன்னால் வாய் திறக்கவில்லை. வெயில் ஏறும்வரை நிற்க வைத்தார்கள். கன்னத்தில் அறைந்தார்கள். அடுத்த நாள் நான் போகவில்லை. அதிலிருந்து அண்ணன் என்னை ஊமைச்சி என்றுதான் கூப்பிடுவான். அவன் கூப்பிட்டால் வலிக்காது.

காய்ச்சலில் அவன் தினமும் ஒரே கனவைச் சொன்னான். முழங்கால் அளவு கடலில் ஒரு ஆள் நிற்கிறான். முகம் தெரியவில்லை. கையை நீட்டுகிறான். இவன் எதைக் கொடுத்தாலும் தண்ணீரில் விழுந்துவிடுகிறது.

சுகாதார நிலையத்துக்காரர் மூன்று ஊசி போட்டார். நான்காவது ஊசிக்கு அம்மா சம்மதிக்கவில்லை. சிவப்பு மீன் இரண்டை வைக்கோலில் சுற்றிக்கொண்டு, வயல் வழியாக அடுத்த ஊருக்கு நடந்து போய்ச் சாமியாடி காங் சம்சுனைக் கூட்டி வந்தாள். அந்த வசந்தத்தில்தான் ஊர்த்தலைவர் ஜ்வா, மூடநம்பிக்கை ஒழிப்பு என்று சாமிமரத்தை வெட்டச் சொல்லியிருந்தார். சாமியாடுவது பிடிபட்டால் மேளத்தைப் பிடுங்கிக்கொண்டு சாவடியில் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் காங் சம்சுன் முட்டைக்கோஸ் விற்க வந்தவள் போல முதுகில் கூடையோடு வந்தாள்.

அடுப்படியிலேயே உட்கார்ந்து ஒரு பிடி அரிசியைத் தட்டில் எறிந்து பார்த்தாள். மறுபடி எறிந்தாள்.

"இந்த வீட்டுல ஒருத்தன் பட்டினியா நிக்கறான்."

"எங்க மச்சாண்டார்தான் அல்பாயுசுல போனவரு. அவருக்கு வருஷா வருஷம் படையல் வெக்கறோமே" என்றாள் அம்மா, என் பெரியப்பாவைச் சொல்லி.

"எந்த நாள்ல வெக்கறே?"

அம்மா அடுப்பில் இல்லாத சாம்பலைக் கிளறினாள்.

"செத்த நாளுக்கு முந்தின ராத்திரி அவன் வந்து வாசல்ல நிக்கறான். விளக்கு இல்ல, சோறு இல்ல. நீ கூப்பிடற நாள்ல அவன் ஏன் வரணும்? அது அவன் செத்த நாளா?" காங் சம்சுன் அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "வர்ற புதன்கிழமை பகல்ல வெச்சுக்கலாம். ராத்திரின்னா சத்தம் தூரம் போகும். பேரெல்லாம் ஒரு தாள்ல எழுதி வை. வாயால சொல்லவேண்டாம், சுவத்துக்குக் காது இருக்கு. பூஜை முடிஞ்சதும் எரிச்சுடலாம், தாள் அவங்ககிட்டப் போய்ச் சேந்துடும். ஆனா ஒண்ணு. சர்க்கார் ஆபீசுக்கு எதை வேணா எழுதிக் குடு. சாமிகிட்டப் பொய் விலாசம் குடுத்தா அது வேற வீட்டுக்குப் போயிடும்."

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. மறுநாள் மத்தியானம் அண்ணன் தூங்கும்போது நான் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். அம்மா மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா பேரு, என் பேரு, வொன்சிக், நீ. கீழ பெரியப்பா பேரு."

"பெரியப்பா எப்படிச் செத்தார்னு எழுதட்டும்?"

"காய்ச்சல்னு எழுது."

"சாமிக்குமா?"

கத்தி நின்றது. அம்மா எழுந்து போய் அண்ணன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

நான் பிறப்பதற்கு ஒன்பது வருஷம் முன்னால் நடந்தது அது. ஊரில் அதற்குப் பெயர் கிடையாது. 'அந்த வருஷம்' என்பார்கள், அதோடு நிறுத்திக்கொள்வார்கள். மலைக்குப் போனவர்களைத் தேடி வந்த பட்டாளமும் போலீசும் ஊர்களை எரித்தார்கள், கடற்கரையில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துச் சுட்டார்கள். அப்படிச் சுடப்பட்டவன் வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். அந்தக் கோடு விழுந்தவனுக்குச் சர்க்கார் வேலை இல்லை, கப்பல் இல்லை, தீவை விட்டுப் போகவும் அனுமதி கிடைக்காது. இவ்வளவு எனக்குத் தெரியும். அது எங்கள் வீட்டுக் கதை என்பதுதான் தெரியாது.

"உங்க பெரியப்பா கிமான் நிலாக் கணக்குல பன்னிரண்டாம் மாசம் பதினோராம் நாள் செத்தாரு" என்றாள் அம்மா. "கடற்கரையில. அவரு பொண்டாட்டியும் அதே வரிசையில. உடம்பு கிடைக்கல, அலை இழுத்துட்டுப் போயிடுச்சு. கிராம ஆபீஸ் எரிஞ்சதால பதிவேடு புதுசா எழுதினாங்க பாரு, அப்ப உங்கப்பா போயி, எங்கண்ணன் கல்யாணம் ஆகாதவன், ரெண்டு வருஷம் முன்னாடியே ஏழாம் மாசத்துல காய்ச்சல்ல செத்துட்டான்னு எழுதி வாங்கிட்டு வந்தாரு. அதான் ஏழாம் மாசம் படையல்."

"அவருக்குப் பிள்ளை இல்லயா?"

அம்மா மீனைத் திருப்பிப் போட்டாள்.

"நான் இந்த வீட்டுக்குக் கல்யாணம் ஆகி வந்தப்போ, மூங்கில் தொட்டில்ல ரெண்டு வயசுப் பிள்ளை ஒண்ணு தூங்கிட்டு இருந்துச்சு. உங்கப்பா சொன்னாரு, இது இனிமே நம்ம மூத்த பையன்னு. எனக்கு அப்ப பத்தொன்பது வயசு. சரின்னு ஆட்ட ஆரம்பிச்சேன்."

எனக்குத் தண்ணீருக்கடியில் சிப்பியில் கை மாட்டிக்கொண்டது போல இருந்தது.

"அவனுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. தெரியாதவன் விசாரணையில உளறமாட்டான்" என்றாள் அம்மா. "நீ பதிவேட்டுல இருக்கற மாதிரியே எழுது. மீதிய நான் சம்சுன் காதுல சொல்லிக்கறேன்."

சரி என்று தலையாட்டினேன்.

ஆனால் அன்று சாயங்காலம் அண்ணனுக்குக் காய்ச்சல் ஏறியது. உதடு வெடித்து, யாரிடமோ "அங்கயே நில்லுங்க, வர்றேன்" என்று பேசிக்கொண்டிருந்தான். நான் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தத் தாளை முடித்தேன். பள்ளியில் கேட்டதைக் கேட்டபடி எழுதிப் பரிசு வாங்கியவள் நான். இந்தத் தாளைப் படிக்கப் போவது செத்தவர் ஒருவர்தான், அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். காதில் சொன்னது வழியில் சிந்திவிட்டால்? ஊரில் எத்தனை கிமான்கள் செத்தார்களோ. என் கையெழுத்திலேயே நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

'இவ்வூர் யாங் கிமான், முப்பத்தொரு வயது, பன்னிரண்டாம் மாதம் பதினோராம் நாள் கடற்கரையில் சுடப்பட்டு இறந்தவர். அவர் மகன் யாங் வொன்சிக், இருபத்தாறு வயது, காய்ச்சலில் இருக்கிறான். வந்து பார்த்துவிட்டு அவனை விட்டுவிடவும்.'

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பூஜை தொடங்கியது. பின்னறையில் காகிதக் கொடிகள் கட்டி, அம்மா ஒளித்து வைத்திருந்த வெள்ளை அரிசியில் ஒரு கிண்ணம் சோறு ஆக்கி வைத்தோம். மேளமாக அடிக்கும் வெண்கலத் தட்டைச் சத்தம் வராமல் அம்மாவின் பழைய முங்குதுணியால் சுற்றியிருந்தார்கள். அடித்தால் யாரோ தலையணையைத் தட்டுவது போலக் கேட்டது. அண்ணன் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான்.

"எங்க கல்லூரி வாத்தியாருங்க பாத்தா சிரிப்பாங்க" என்றான்.

"சிரிக்கட்டும். அவனுங்க கப்பல் முழுகறப்போ எங்களத்தான் கூப்பிடுவானுங்க" என்றாள் காங் சம்சுன்.

தாளை எடுத்துப் படித்தாள். மெதுவாகத்தான் படித்தாள். பாதியில் தலையைத் தூக்கி என்னை ஒரு முறை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சோற்றுக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தாள். பெயர்களை வாய்க்குள்ளேயே முனகினாள், அண்ணனுக்குக் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவள் குரல் மாறியது. ஆண் குரல் என்று சொல்ல முடியாது. குளிரில் தாடை இறுகியவன் பேசுவது போல இருந்தது.

"மலையில ஒளிஞ்சிருந்தப்போ விமானத்துலேருந்து துண்டுத் தாள் போட்டாங்க. எறங்கி வந்தா விட்டுடறோம்னு எழுதியிருந்துச்சு. நம்பி வந்தேன். படிச்சவன் இல்லயா, எழுதினத நம்பினேன். தண்ணி சில்லுன்னு இருக்கு. தம்பி எங்க?"

"அவரும் போயிட்டாரு மச்சாண்டாரே. படகோட போயிட்டாரு. எட்டு வருஷம் ஆச்சு" என்று அம்மா அழுதாள்.

"அந்தப் பய? எவ்வளவு உசரம் இருக்கான்?"

"நிலையில தலை இடிக்கற உசரம்."

காங் சம்சுன் அழுதுகொண்டே எழுந்து, சுவரில் சாய்ந்திருந்த அண்ணனிடம் வந்து, தலையிலிருந்து கால்வரை காற்றில் கையால் அளந்தாள். தொடவில்லை. அண்ணன் சிரிக்கவில்லை. பெரியப்பா தம்பி மகனை விசாரிக்கிறார் என்றுதான் அவன் நினைத்திருப்பான். ஆனாலும் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

அப்போதுதான் வெளிக்கதவு திறந்தது. ஊர்த்தலைவர் ஜ்வாவும் சாவடியிலிருந்து இரண்டு போலீஸ்காரர்களும் காலணியோடு உள்ளே வந்தார்கள்.

"சம்சுன், எத்தன தடவ சொல்றது உங்களுக்கு?" என்றார் ஜ்வா.

"போன வருஷம் உங்கண்ணனுக்காக உங்க வீட்டுல அடிச்சேனே, அப்ப இந்த மேளம் நல்லாத்தானே கேட்டுச்சு உனக்கு?"

ஜ்வாவின் முகம் வெளுத்தது. போலீஸ்காரர்கள் காதில் விழுந்ததா என்று பக்கவாட்டில் பார்த்தார். பிறகு தேவைக்கு மேல் உரக்க, "நாடு முன்னேறிட்டு இருக்கு, இவங்க இன்னும் பேய் ஓட்டிட்டு இருக்காங்க! எல்லாத்தையும் அள்ளுங்க!" என்றார்.

இளைய போலீஸ்காரர் கொடிகளைப் பிய்த்தார். மேளம், மணி, வெட்டிய காகிதங்கள் எல்லாம் ஒரு சாக்கில் போயின. கிண்ணத்தைத் தூக்கினார். சோறு பாயில் கொட்டியது. அடியிலிருந்த தாள் கொடிகளோடு சேர்ந்து சாக்கில் விழுந்ததை நான் பார்த்தேன். கையை நீட்டினால் எட்டும் தூரம். நான் நீட்டவில்லை. அம்மாவும் பார்த்தாள். அதில் பதிவேட்டில் இருப்பதுதான் எழுதியிருக்கிறது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அதனால் அவள் குனிந்து சோற்றை மட்டும் பொறுக்கினாள்.

மறுநாள் காலை அண்ணனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. கடற்பாசிச் சூப்பு இரண்டு கிண்ணம் குடித்தான். கனவும் வரவில்லை என்றான். "வந்தவரு வயிறு நெறஞ்சு போயிட்டாரு" என்று அம்மா கும்பிட்டாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், அம்மா கடலுக்குப் போனபின், ஒரு கூடை கமலா ஆரஞ்சு எடுத்துக்கொண்டு சாவடிக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். பெயர் எழுதிய தாள் என்று சொன்னால், அதில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் அது அங்கேயே கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் இருக்கும் என்று தேடிக்கொண்டே போனேன்.

சாவடி முற்றத்தில் ஒரு எண்ணெய்ப் பீப்பாயில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. இளைய போலீஸ்காரர் சாக்கிலிருந்து கொடிகளை அள்ளி அதில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேளத்தட்டு தரையில் கிடந்தது. சாக்கு ஏறக்குறையக் காலி.

நான் அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

"என்ன பாப்பா, என்ன வேணும்?"

அவர் தீவுக்காரர் இல்லை, தரைநாட்டுப் பேச்சு. சிரித்த முகம். நான் கூடையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். நான் போகாமல் நிற்பதைப் பார்த்தார்.

"மேளம் வேணுமா? எடுத்துட்டுப் போ. பாட்டிகிட்டச் சொல்லு, இனிமே கத்தரிக்கா நறுக்க வெச்சுக்கச் சொல்லு."

நான் தலையாட்டவில்லை.

"வேற என்ன?"

"காகிதம்" என்றேன்.

"என்ன காகிதம்?"

அதற்குமேல் குரல் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பீப்பாயைப் பார்த்தார். "எல்லாம் எரிஞ்சு போச்சு, பாத்துக்கோ" என்றார். நெருப்பு நன்றாகத்தான் எரிந்தது. மேளத்தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வளைவு தாண்டியதும் கருங்கல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். எரிந்துவிட்டது. பூஜை முடிவில் எரிப்பதும் போலீஸ் எரிப்பதும் நெருப்புக்கு ஒன்றுதான் என்று நினைத்து, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டு எதையோ பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் நடுவில் டவுன் போலீஸ் அலுவலகத்திலிருந்து அண்ணனுக்கு அழைப்பு வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் வேலைதான் என்று, கல்லூரிக் கோட்டுக்கு இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனான். "வர்றப்போ என்ன வாங்கிட்டு வரட்டும்டி ஊமைச்சி? வாயைத் தொறந்து சொன்னாத்தான் கிடைக்கும்" என்றான். நான் பேனா என்றேன். சிரித்தான்.

சாயங்காலப் பஸ்ஸில் திரும்பி வந்தான். கோட்டைக் கழற்றவில்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து கரண்டியை எடுத்தான், வைத்தான்.

"அம்மா, கிமான் எனக்கு யாரு?"

அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டு, எனக்குச் சொன்னதையெல்லாம் அவனுக்குச் சொன்னாள். மூங்கில் தொட்டிலையும் சொன்னாள். அவன் கடைசிவரை தலையைத் தூக்கவில்லை.

"அப்ப நீங்க எனக்குச் சித்தி" என்றான்.

"அப்படிக் கூப்பிட்டுப் பாரு, பல்லை ஒடச்சிடறேன்" என்றாள் அம்மா. அன்று எங்கள் வீட்டில் பேசியதில் அதுதான் கடைசி.

கப்பல் கம்பெனியிலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. ஈரத்தலைப் பெண்கள் எங்கள் முற்றத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் மேல் கோபம் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் நின்றால் அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கும் கோடு நீளுமோ என்று பயம். ஊர்த்தலைவர் ஜ்வா மட்டும் ஒரு நாள் வந்து, வேலிக்கு வெளியே நின்று, ஆரஞ்சுத் தோட்டத்தில் பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் போனான். என்னோடு பேசுவதில்லை. அவன் என்னை அடிப்பான் என்று தினமும் காத்திருந்தேன். பாதையில் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விட்டான், அவ்வளவுதான். அம்மா ஒரு தடவை கேட்டாள்: "நீ பதிவேட்டுல இருக்கறதத்தானே எழுதினே?" நான் தரையைப் பார்த்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

ஜனவரியில், நிலாக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் பதினோராம் நாளுக்கு முந்தைய நாள் வந்தது. அன்று காலையிலிருந்தே ஊரில் பதினேழு வீட்டுப் புகைக்கூண்டில் ஒரே நேரத்தில் புகை வந்தது. எல்லா வீட்டிலும் மீன் வறுக்கிற வாசனை, எல்லா வீட்டிலும் சாத்திய கதவு. முந்தைய வருஷங்களில் அந்த வாசனையை மோந்துகொண்டு எங்கள் வீட்டில் மட்டும் பார்லிச் சோறு தின்றிருக்கிறோம். இந்த வருஷம் நாங்களும் அடுப்பு மூட்டினோம். ஒளிக்க இனி ஒன்றும் இல்லை.

நடுநிசியில் செய்வதுதான் வழக்கம். அண்ணன் இருட்டும் நேரத்திலேயே கை கால் கழுவிக்கொண்டு வந்தான். "இருபத்தஞ்சு வருஷம் வாசல்ல நின்னவரு. இன்னும் நாலு மணி நேரம் நிக்க வெக்க வேணாம்" என்றான். படையலின் தலைமாட்டில், செத்தவர் நமக்கு என்ன உறவு என்று எழுதிய ஒரு சீட்டை வைக்கவேண்டும். வழக்கமாக அதை அவன்தான் எழுதுவான். ஏழாம் மாதத்தில், பெரியப்பா என்று. அன்று மைக்கல்லையும் தூரிகையையும் என் பக்கம் தள்ளினான்.

"நீயே எழுது. உன் கையெழுத்து நல்லா இருக்குன்னு டவுன்ல அதிகாரியே சொன்னாரு."

நான் தூரிகையை எடுக்கவில்லை.

"மேஜை மேல வெச்சுக் காட்டினாங்க. அடிக்கல, திட்டல. உங்க குடும்பத்துல யாரு எழுதினதுன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னேன்." மையைத் தானே அரைக்கத் தொடங்கினான். "ஓரமெல்லாம் கருகி இருந்துச்சு. நெருப்புல போட்டத எவனோ வெளிய எடுத்திருக்கான். அதான் எனக்குப் புரியல. ஏன் எடுத்தான்?"

எனக்குப் புரிந்தது. பீப்பாய்க்குள் அந்தத் தாள் எரிந்துகொண்டிருந்தபோது நான் முற்றத்தில் நின்றிருந்தேன். வாய் திறக்காமல் திரும்பியிருந்தால் அது சாம்பலாகியிருக்கும்.

"நான் போனேன் அண்ணே" என்றேன். "மூணாம் நாள் சாவடிக்குப் போனேன். காகிதம்னு கேட்டேன்."

"காகிதம்னா?"

"அவ்வளவுதான். அதுக்கு மேல வரல."

மை அரைப்பது நின்றது. அடுப்படியிலிருந்து அம்மா வாசலில் வந்து நின்றிருந்தாள். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

"எழுநூறு பேரு முன்னாடி தொறக்காத வாயை அங்க போயா தொறந்தே ஊமைச்சி?"

"வொன்சிக்" என்றாள் அம்மா.

அவன் கையைக் காட்டி நிறுத்தினான். படையலில் வைத்த சோற்றின் ஆவி அடங்கியது.

"எழுது" என்றான்.

"என்னன்னு?"

"அதுல என்ன எழுதினியோ, அதையே."

அப்பா என்று எழுதினேன். யாங் கிமான். எழுத்து நன்றாக வரவில்லை. அவன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, நேராக வைத்து, முதல் கிண்ணம் மதுவை ஊற்றினான். இரண்டு முறை விழுந்து வணங்கினான். இரண்டாவது முறை எழுந்திருக்க நேரமாயிற்று.

எல்லாம் முடிந்ததும் சீட்டை விளக்கில் காட்டி எரிக்கவேண்டும். அதையும் என்னிடம்தான் கொடுத்தான். முற்றத்தில் காற்று இருந்தது, ஓரம் பிடிக்க நேரமாயிற்று. பிடித்தபின் பெயர் முதலில் போயிற்று, பிறகு உறவு. நெருப்பு விரல்வரை வந்தது.

"சுடப்போவுது, விடுடி" என்றாள் அம்மா.

நான் விடவில்லை. பிடித்திருந்த மூலையும் கருகியபின்தான் கையைத் திறந்தேன். விழுந்ததைக் காலால் தேய்த்து, குனிந்து, எழுத்து எதுவும் மிச்சமிருக்கிறதா என்று தரையில் விரலால் தேடினேன். அண்ணன் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனான்.